மலைக்காட்டுக்கு வந்த கழுதை வண்டி

பொட்டல் காட்டில் மழை பொய்த்துவிட்டது. புல்லெல்லாம் கருகிப் போயிற்று. அங்கே இருந்த கழுதை ஒன்று தன் வண்டியை இழுத்துக்கொண்டு, பிழைப்புத் தேடி மலைக்காட்டுக்கு வந்தது. கூடவே கீரியும், இரண்டு கன்றுகளோடு ஓர் எருமையும் வந்தன. எருமையிடமும் அதே மாதிரி வண்டி இருந்தது.

மலைக்காட்டு விலங்குகள் அவர்களுக்கு இடம் கொடுத்தன. காவல்காரக் கரடி மட்டும் கண்டிப்பாகச் சொன்னது.

"இங்கே தங்குகிறவர்கள் வண்டியை என்னிடம் காட்ட வேண்டும். அச்சும் சக்கரமும் சரியாக இருந்தால் பின்பலகையில் நகத்தால் கீறல் போடுவேன். ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கீறல்! இங்கே எல்லோரும் பாதையில் இடது பக்கம்தான் போவோம். வளைவுகள் அதிகம், கவனம்!"

எருமையின் வண்டியில் அச்சு ஆடியது. அது வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புது அச்சுக்குக் கட்டை தேடியது. கழுதைக்கோ வேலை குவிந்துகொண்டே இருந்தது. பலாப்பழம் ஏற்றிப் போக எல்லோரும் அதைத்தான் கூப்பிட்டார்கள்.

"கரடியிடம் போக வேண்டுமே!" என்றது கழுதை.

"நம் பொட்டல் காட்டு முத்திரைதான் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறதே! கேட்டால் வெளியூர், தெரியாது என்று சொல்லிவிடலாம்!" என்றது கீரி. கழுதைக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை. பனிமூட்டம். கீரியையும் பழங்களையும் ஏற்றிக்கொண்டு கழுதை சரிவில் இறங்கியது. வளைவில் பொட்டல் காட்டுப் பழக்கத்தில் வலது பக்கம் ஒதுங்கியது. எதிரே ஒழுங்காகத் தன் பக்கத்தில் ஏறி வந்த முயல்மீது வண்டி மோதியது. மோதியது யார் என்று பார்க்கும் முன்பே முயல் பள்ளத்தில் உருண்டது.

"ஐயோ, கால் போச்சே! யாராவது வாங்களேன்!"

கழுதை வண்டியை நிறுத்தியது.

"ஓடு! வண்டியில் கீறல்கூட இல்லை. யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று கீரி விரட்டியது.

கழுதை ஓடிவிட்டது. அன்று அதற்கு ஒரு வாய்ப் புல்கூட இறங்கவில்லை.

மாலையில் எல்லா விலங்குகளும் கூடின. முயல் காலில் இலைக்கட்டோடு கிடந்தது. மேட்டிலிருந்து பார்த்த மானுக்கு, பனிமூட்டத்தில் கீறல் இல்லாத ஒரு வண்டியின் பின்பலகை மட்டும் தெரிந்திருந்தது.

"எருமை வண்டியில் கீறல் இல்லை! அச்சும் ஆடுகிறது!" என்று கத்தியது குரங்கு. ஓயாமல் ஓடிய கழுதை வண்டிக்குக் கீறல் இருக்கும் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"என் வண்டி நகரவே இல்லையே!" என்று எருமை கெஞ்சியது. கன்றுகள் அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன.

"பொட்டல் காட்டுக்காரர்கள் எல்லோரையும் துரத்துங்கள்!" என்று கூட்டத்தில் குரல்கள் எழுந்தன.

"வாயைத் திறக்காதே!" என்று கீரி கிசுகிசுத்தது.

கழுதை கன்றுகளைப் பார்த்தது. முன்னால் வந்தது.

"மோதியது நான்தான். எருமைக்கு இதில் ஒன்றுமே தெரியாது."

முயல் மெல்லத் தலையைத் தூக்கியது.

"நான் கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லையா?"

"கேட்டது. பயந்து ஓடிவிட்டேன்."

கரடி சொன்னது: "கீறல் இருந்திருந்தால் எருமைமேல் பழி விழுந்திருக்காது. உன் வண்டி இனி இங்கே நிற்கட்டும். முயலின் கால் ஆறும்வரை நீதான் அதைச் சுமக்க வேண்டும். அப்புறம் வண்டியைப் பார்க்கலாம். பயத்தை மீறி வந்து சொன்னாய், அதனால் உன்னைத் துரத்தவில்லை."

கீரி நழுவப் பார்த்தது. "நீயும் நில்! எப்போதும் அந்த வண்டியில்தானே போவாய்? முயலுக்குக் கிழங்கு தோண்டிக் கொடுப்பது உன் வேலை!" என்றது கரடி.

கழுதை எருமையிடம் போய்த் தலைகுனிந்து நின்றது. எருமை அதன் கழுத்தை நக்கிக் கொடுத்தது.

மறுநாள் முயலை முதுகில் ஏற்றிக்கொண்டு கழுதை மலையேறியது. முதல் வளைவு வந்ததும் முயல் அதன் பிடரியை இறுகப் பிடித்தது.

"பயப்படாதே, நம் இடது பக்கத்தில்தான் போகிறேன்," என்றது கழுதை.

பிழைக்கப் போன இடத்தின் சட்டத்தை ஒருவர் மீறினாலும், அந்தப் பழி கூட வந்த எல்லோர் தலையிலும் விழும்.