தாளாளர் நட்ட காடு

எங்கள் மேலச்சுனையைப் பக்கத்துக் கல்லூரி தத்தெடுத்திருந்தது. வருஷா வருஷம் கல்லூரித் தாளாளர் வேதரத்தினம் காரில் வருவார். பேனர் கட்டி, மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். தண்ணீர் ஊற்ற ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

ஒரு நாள் ஆடு மேய்க்கும் செங்கமலத்தைக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பல்கலைக்கழகத்துலேருந்து குழு வருது. நான் நட்டதெல்லாம் வளர்ந்து நிக்கிறதை நீதான் காட்டணும். இல்லேன்னா கல்லூரி நிலத்துல உன் ஆடு கால் வைக்கக் கூடாது!"

"காட்டிட்டாப் போச்சுங்கய்யா," என்றாள் செங்கமலம்.

மறுநாள் குழு வந்து இறங்கியதும் தன் ஆடுகளை ஓட்டிவந்து நிறுத்தினாள்.

"இந்தக் கிடா, ஐயா போன வருஷம் நட்ட வேம்பு. அந்த வெள்ளாடு, அதுக்கு முந்தின வருஷத்துப் பூவரசு. தண்ணியில்லாம கருகுறதுக்கு இதுங்க வயித்துலயாவது வளரட்டும்னு விட்டுட்டேன். எப்படிக் கொழுகொழுன்னு வளர்ந்திருக்கு, பாருங்க!"

குழுத் தலைவி விழுந்து விழுந்து சிரித்தார். தாளாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"மரமாவே வளர என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார் தலைவி.

"நடத்தான் ஐயா இருக்காரே! சனிக்கிழமைதோறும் தண்ணிக் குடம் தூக்கக் காலேஜுப் பிள்ளைங்களை அனுப்பச் சொல்லுங்க. ஆட்டை நான் கட்டிப்போடுறேன்."

பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் ஊரே அவர்களோடு சேர்ந்து தூக்கியது. இன்றைக்கு எங்கள் தெருவில் வெயில் விழ இடமில்லை. ஏரிக்கரை பூராவும் கன்றுகள். வந்து பாருங்கள்!

இந்த வருஷமும் தாளாளர் பேனரோடு வந்து இறங்கினார். "எங்கே நடணும்?"

"குழி ஒண்ணுகூடக் காலி இல்லீங்கய்யா," என்றாள் செங்கமலம். "குடம்தான் காலியா இருக்கு."

அதை அவர் கையில் கொடுத்தாள்.