பூங்கா என்று எழுதிய இடம்

விடையைச் சொல்லிவிட்டுச் சிரிக்கலாம் என்று யாராவது உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். இது அந்த மாதிரிப் புதிர் இல்லை. ஒரு நகரம் பிறந்த கதை. அது பிறந்ததில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பட்ட பாட்டின் கதை.

பட்டணத்துக்கு மேற்கே அல்லியூர் என்று ஓர் ஊர். பட்டணத்தில் ஜனம் தாங்காமல் போகவே, அல்லியூர் வயல்களை எடுத்து அங்கே ஒரு புதுநகர் கட்டுவது என்று முடிவானது. நூல் பிடித்தாற்போல் தெருக்கள், தெருவுக்கொரு பூவின் பெயர், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் காகிதத்தில் தயார். ஊர்க்காரர்களுக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி வீடுகள். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள். ஏகாம்பரத்தின் மனைவி செல்லியம்மா மட்டும் வரப்பைவிட்டு எழுந்திருக்கவில்லை.

பல் முளைக்காத குழந்தை இறந்தால் அந்த ஊரில் எரிப்பதில்லை. சொந்த நிலத்திலேயே புதைப்பார்கள். செல்லியம்மா பெற்ற ஒரே மகள் அந்த வரப்போரத்தில்தான் இருந்தாள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையே பிறக்கவில்லை.

நகரை வரைந்த பொறியாளர் தணிகாசலம் அவளைத் தேடி வந்தார். நல்ல மனுஷர்.

“அந்த இடத்துல ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டேன்மா. இது என் வாக்கு.”

“வெளிய சொல்லிடாதீங்க சார். எம்புள்ளைய வேடிக்கை பார்க்க வருவாங்க,” என்றாள் அவள்.

அவரும் சொல்லவில்லை. சொன்னால் மனை வாங்க வருகிறவன் வந்த வழியே ஓடிவிடுவானே! வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து, ‘பூங்கா’ என்று எழுதினார். அதை நம்பித்தான் செல்லியம்மா எழுந்தாள். ஐயோ, அங்கேதான் வினை! யாராவது ஒருத்தருடைய மனை என்று எழுதியிருந்தால் மற்றவன் கை வைத்திருக்க மாட்டான். பூங்கா என்றால் எல்லாருக்கும் சொந்தமாயிற்றே.

புதுநகருக்குக் குடும்பங்கள் வந்தன, பின்னாலேயே கோடையும் வந்தது. நகருக்குள் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். லாரித் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மல்லிகைத் தெருவில் ஒரு குழந்தை செத்தே போனது. காலனிக் கிணற்றில் ஊறுவது கொஞ்சம்தான். அதில் தன் பங்குக் குடத்தைச் செல்லியம்மா தினமும் பள்ளிக்கூடத்துப் பானையில் கொண்டுபோய் ஊற்றினாள். ஒரு குடம் எத்தனை பேருக்குக் காணும்? வந்தவர்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். நீரோட்டம் பார்க்க வந்தவர் நகர் முழுக்கச் சுற்றிவிட்டுப் பூங்காவில், அந்தப் பிள்ளை இருந்த இடத்திலேயே வந்து நின்றார். நல்ல தண்ணீர் அங்கே மட்டும்தான் என்றார்.

குடியிருப்போர் சங்கத் தலைவி ரெஜினா டீச்சர், அங்கே கிணறு வெட்டலாம் என்று கூட்டத்தில் சொன்னார். தணிகாசலம் எழுந்து, “அங்க மட்டும் வேண்டாம்,” என்றார்.

“ஏன் சார்?”

தண்ணீர் லாரிக்காரனிடம் பணம் வாங்கிவிட்டார் என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். மனுஷர் தலையைக் குனிந்துகொண்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நல்லவருக்கு இப்படி ஒரு பழியா என்று ஏகாம்பரத்துக்கு மனசு ஆறவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டான். டீச்சர் அழுதார்.

“மல்லிகைத் தெருப் புள்ளைய நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன், ஏகாம்பரம். என் கையிலயே போச்சு. உயிரோட இருக்கறதுங்களை நான் பார்க்கணும். கிணறு வெட்டத்தான் போறோம். உங்க வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

எப்படிச் சொல்வான்? கேட்டால் செல்லி உயிரை விட்டுவிடுவாள் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். மண்டையைப் பிளக்கிற மத்தியான வெயிலில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து, மண்வெட்டியோடு போனான். பெற்ற மகளைத் தன் கையாலேயே தோண்டினான். என்ன மிஞ்சியிருக்கும்? மண்ணும் ஒரு சின்னக் கருவளையலும்தான். துண்டில் முடிந்து எடுத்துப்போய் ஏரிக்கரையில் புதைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தான்.

வரப்பும் வயலும் போய், பூங்காவில் பழைய அடையாளம் ஒன்றுமில்லை. கிணறு வெட்டி முடித்ததும், அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லை நட்டான்.

“கிணத்தை ஒதுக்கித்தான் வெட்டியிருக்காங்க, செல்லி. நம்ம புள்ள இங்கயேதான் இருக்குது.”

அவள் தலையாட்டினாள். தண்ணீர் இளநீராக இனித்தது. நகரம் பிழைத்துக்கொண்டது. வருஷா வருஷம் மகள் போன நாளில் செல்லியம்மா அந்தக் கல்லுக்குப் பால் ஊற்றினாள். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு ஏகாம்பரம் பக்கத்தில் நின்றான்.

இப்போது சொல்லுங்கள். வாக்கைக் காப்பாற்றப் பழியைச் சுமந்துகொண்டு போன தணிகாசலமா, இருக்கிற பிள்ளைகளுக்காகக் கிணறு வெட்டிய டீச்சரா, மனைவி மனசு உடையக் கூடாதென்று பொய்க்கல் நட்ட ஏகாம்பரமா? இதில் யார் செய்தது சரி?

விடை: மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒருவர் செய்ததும் சரியில்லை. கேட்க வேண்டியவளை மூவருமே கேட்கவில்லை. ஊரான் பிள்ளைகளுக்குத் தன் குடத்தை ஊற்றியவள், கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பாள்? ஒரு வருஷம் பால் ஊற்றிவிட்டு நிமிர்ந்தவள் தன் வாயாலேயே சொன்னாள்: “தெனம் நான் உக்காந்திருந்த எடம் எனக்குத் தெரியாதாய்யா? அன்னிக்கே தெரியும். நீ தாங்கமாட்டேன்னுதான் இந்தக் கல்லுக்கு ஊத்தினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. போவட்டும். எம்புள்ளைய எங்க வெச்சிருக்கே? அத மட்டும் காட்டு.” ஏரிக்கரை இருந்த இடத்தில் அதற்குள் வீடுகள் வந்துவிட்டன. ஏகாம்பரம் அவளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தான். எந்த வாசலில் நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.