ஒரு கவளம் பயம்

"'மண் பொம்மை செத்தால் என்ன, பிழைத்தால் என்ன? இந்த ஆட்டத்தில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வருகிற புதன்கிழமை பொம்மைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆட்களை நிறுத்துங்கள்.' அரசர் சொன்னது இதுதான், அம்மா. ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை."

"கேட்டேன். வாசலில் நுழையும்போதே சொன்னீர். செருப்பைக் கழற்றும்போது சொன்னீர். இப்போது மறுபடியும் சொல்கிறீர். எனக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது, சேந்தரே."

"உங்களுக்கென்ன, சொல்லுவீர்கள்! ஆட்டத்தைச் செய்தது நீங்கள். பழி மட்டும் என் தலையில். சுவையில்லாத ஒன்றைச் செய்து கோட்டைக்கு அனுப்பிவிட்டு..."

"சுவையில்லை என்று யார் சொன்னது?"

"அரசர்தான் சொன்னாரே! 'மண் பொம்மை செத்தால் என்ன...'"

"ஐயோ, நிறுத்தும்!"

குருவம்மா தூரிகையை வண்ணக் கிண்ணத்தின் மேல் படாரென்று வைத்தாள். அவள் மடியில் பாதி மீசையோடு ஒரு மண் குதிரைவீரன் மல்லாந்து கிடந்தான்.

கருங்குன்றக் கோட்டையின் அரசன் மாறவேளுக்கு அவள் செய்துகொடுத்த ஆட்டம் அது. கட்டில் அளவுப் பலகை. அதன்மேல் மணல் பரப்பி, களிமண்ணால் குன்று வைத்து, நாணல் நட்டுக் காடாக்கி, நீலத்துணி விரித்து ஆறாக்கியிருந்தாள். கட்டைவிரல் உயரத்துக்கு இரண்டு படைகள். ஈர்க்குக் குச்சியால் அளந்து நகர்த்த வேண்டும். அம்பு எய்தால் சோழி போட வேண்டும். வாய் நிமிர்ந்து விழும் சோழி, பட்ட அம்பு. குப்புற விழுந்தது வீண். இன்னொரு முறைமையும் உண்டு. விழுந்த வீரனை, வீழ்த்தியவனே எடுத்து எதிராளியின் உள்ளங்கையில் வைக்க வேண்டும்.

சேந்தன் அரசனோடு ஆடுவதற்கென்றே அமர்த்தப்பட்டவன். ஆட்டத்தைக் கற்றது குருவம்மாவிடம். அவள் அவனைவிடப் பத்து வயதாவது இளையவள். முதல் நாள் 'அம்மா' என்றழைக்க அவனுக்கு நாக்கு புரளவில்லை. அவள் அவனைப் பலகையில் துவைத்துக் காயப்போட்ட பிறகு தானாகப் புரண்டது.

"பொன் பூசிய யானை கேட்டீர், செய்தேன்" என்றாள் குருவம்மா. "எரியும் கோட்டை கேட்டீர், செய்தேன். புகை வரவேண்டும் என்றீர், சாம்பிராணி வைக்கக் குழி தோண்டிக் கொடுத்தேன். என்ன ஆயிற்று?"

"இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் கொட்டாவி விட்டார்."

"பிறகு?"

"பிறகுதான் ஜன்னல் வழியாகக் கீழே காவலாட்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்." சேந்தனின் குரல் தாழ்ந்தது. "அம்மா, கோட்டைக்குக் கீழே பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். ஒரு பக்கத்துக்குச் சிவப்புத் துண்டு, மறுபக்கத்துக்கு வெள்ளை. அம்பும் நிஜம், வேலும் நிஜம். சிவப்பு முன்வரிசையில் நக்கன் நிற்கிறான்."

"எந்த நக்கன்?"

"என் மகளைக் கட்டியவன்."

குருவம்மா மடியிலிருந்த குதிரைவீரனை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அதனால்தான் கேட்கிறேன்" என்றான் சேந்தன். கோபமெல்லாம் வடிந்திருந்தது. "எது இருந்தால் ஓர் ஆட்டம் ஆடத் தகுந்ததாகும்? அதைச் சொல்லுங்கள். இன்னும் பெரிய யானையா? இன்னும் அதிகப் படையா? எது சொன்னாலும் இன்றே கொண்டுபோகிறேன்."

"பலகையை இறக்கும். ஆடுவோம்."

"ஆடுவதற்கா வந்தேன்?"

"கேள்வி கேட்டீர் அல்லவா? இறக்கும்."

ஆடினார்கள். சேந்தன் தன் வில்லாளிகளைக் குன்றின்மேல் ஏற்றினான். குருவம்மா தன் குதிரைப்படையைக் கொண்டுவந்து அவர்களுக்கு நேர் கீழே, காய்கறி பரப்புவதுபோல நிறுத்தினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவன் எய்தான், விழுந்தன. அவள் யானையை ஆற்றுக்குள் இறக்கினாள். அங்கே சேறு என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"ஆகா, அருமையான நகர்வு, சேந்தரே" என்றாள். "எப்படித்தான் யோசிக்கிறீரோ!"

பாராட்டுகிற வாய் அவளுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

சீக்கிரமே ஜெயித்துவிட்டான். குருவம்மா கைகூப்பினாள். "உமக்கு இணை உண்டா!"

"போதும், அம்மா."

"என்ன போதும்? ஜெயித்துவிட்டீர். சந்தோஷமாக இல்லையா?"

"விட்டுக்கொடுத்தீர்கள்."

"எப்போது தெரிந்தது?"

"குதிரைகளை நிறுத்தியபோதே."

"தெரிந்த பிறகு எப்படி இருந்தது?"

"அறையில் நான் மட்டும் தனியாக இருப்பதுபோல... எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. எதையாவது போட்டு உடைத்தால் தேவலை என்று..."

சேந்தன் தன் கைகளைப் பார்த்தான்.

குருவம்மா விழுந்த பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "எவ்வளவு காலமாக, சேந்தரே?"

"அரசருக்குத் தெரியாது, அம்மா. சத்தியமாகத் தெரியாது. நான் உங்களைப்போல் இவ்வளவு பச்சையாகச் செய்யமாட்டேன். கடைசிவரை போராடுவதுபோல் இருக்கும்."

"பதில் அது இல்லை."

"முதல் நாளிலிருந்து."

வெளியே சூளையில் விறகு வெடித்தது. அவன் திடுக்கிட்டான்.

"அரசரின் அப்பாவோடு ஆடியவர் ஒருவர் இருந்தார்" என்றான். "சொக்கட்டான் ஆட்டத்தில் அடுத்தடுத்து அவரை ஜெயித்துவிட்டார். காற்று வாங்கலாம் வா என்று அவர் தோளில் கைபோட்டுக் கோட்டைச் சுவருக்கு அழைத்துப்போனார் பழைய அரசர். இறங்கி வந்தது அவர் மட்டும்தான். அந்த ரத்தம்தானே இவர் உடம்பிலும் ஓடுகிறது? ஒவ்வொரு நாளும் பலகை முன்னால் உட்காரும்போது எனக்கு அந்தச் சுவர்தான் தெரிகிறது."

"சோழி யார் பேச்சையும் கேட்காதே. அதை எப்படிச் சமாளித்தீர்?"

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சோழிகளை அள்ளி, விரலிடுக்கில் லேசாகப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி விட்டான். அத்தனையும் குப்புற விழுந்தன. மறுபடி அள்ளிப் போட்டான். மறுபடியும் அத்தனையும் குப்புற.

"அட பாவி மனுஷா" என்றாள் குருவம்மா. குரலில் மெய்யான வியப்பு இருந்தது. "ஜெயிப்பதற்குச் சாதகம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தோற்பதற்குச் சாதகம் செய்த முதல் ஆள் நீர்தான்."

"விழுகிற வீரர்களையும் அவர் கையில் வைப்பதில்லை. மேலாடை முனையால் தள்ளிப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். அவர் கண்ணில் படக்கூடாது என்று."

"பேஷ்! உப்பில்லாச் சோறு. அதுவும் மூடிபோட்டு."

"அவருக்குத் தெரியாது அம்மா, நான்தான் சொல்கிறேனே!"

"சோற்றில் உப்பில்லை என்று தெரிய, சமையலறைக்குள் எட்டிப்பார்க்க வேண்டுமா என்ன? காரணம் தெரியாது. நாக்குக்குத் தெரியும். அதனால்தான் கீழே நிற்கிற ஆட்களைப் பார்த்துப் பசிக்கிறது அந்த மனிதருக்கு."

சேந்தனின் கண்முன் நக்கனின் முகம் வந்து போனது. அதற்குப் பின்னால் கோட்டைச் சுவர் வந்து நின்றது.

"உட்காரும். இன்னொன்று ஆடுவோம்" என்றாள் குருவம்மா. "இந்த முறை நான் உம்மை உரித்துவிடுவேன். முடிந்தால் தப்பித்துக்கொள்ளும்."

அந்த ஆட்டத்தில் அவளுடைய குதிரைகள் காட்டைச் சுற்றி வந்தன. சேந்தன் கண்டுகொண்டான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு மூளை விழித்துக்கொண்டு வேலை செய்தது. வேல்படையைத் திருப்பினான். ஆற்றின் துறையை அடைத்தான். எய்ய வேண்டிய தருணமும் வந்தது. சோழியை அள்ளினான். போட்டான்.

அத்தனையும் குப்புற.

மறுமுறையும் அதுவே. கை, அவனைக் கேட்காமலே திரும்பிக்கொண்டது. வேண்டாம் வேண்டாம் என்று அவன் நினைக்க நினைக்க அது இன்னும் ஒழுங்காகத் திரும்பியது.

அவன் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தான். "போயிற்று, அம்மா. கை பழகிவிட்டது. இனி நானே விரும்பினாலும் முடியாது."

"இடது கை இருக்கிறதல்லவா?"

"அரசர் முன்னால் இடது கையா?"

"தலை போகிற காரியத்துக்குக் கிளம்புகிறீர். கை மரியாதை பார்க்கிறீராக்கும்!"

இடது கையால் போட்டான். சில நிமிர்ந்தன, சில கவிழ்ந்தன. எது எப்படி விழும் என்று அவனுக்குத் தெரியவில்லை. குருவம்மாவின் குதிரைவீரன் ஒருவன் விழுந்திருந்தான். அவனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான் சேந்தன்.

அவள் அதை வாங்கிக்கொண்டு, பலகையை இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடியும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சேந்தன் தோற்றிருந்தான். கிளம்ப எழுந்தவன் வாசற்படியில் நின்றான்.

"அம்மா, புதன்கிழமை காலையில் கடைசியாக ஒரு முறை பலகையில் ஆடலாம் என்று கேட்டுப்பார்க்கிறேன். ஒப்புக்கொள்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நிஜமாகவே ஆடினால்... கோபம் வந்து சுவருக்கு அழைத்துப்போனால்?"

"போனாலும் போவார்."

"என்ன இப்படிச் சொல்கிறீர்கள்!"

"பொய் சொல்லி அனுப்பட்டுமா? பயமாக இருக்கிறதா?"

"உயிர் நடுங்குகிறது."

"இத்தனை காலமாக அந்தப் பலகையில் இருந்த பயத்தையெல்லாம் நீர் ஒருவரே வழித்துத் தின்றுகொண்டிருந்தீர், சேந்தரே" என்றாள் குருவம்மா. "அந்த மனிதருக்கும் ஒரு கவளம் போடும்."

புதன்கிழமை. கோட்டை மேல்மண்டபத்தில் பலகை போட்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே பொட்டலில் சுண்ணாம்புக் கோடுகளின்மேல் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். சிவப்பு வரிசையின் முனையில் நக்கன். இவ்வளவு உயரத்திலிருந்து அவன் கட்டைவிரல் அளவுதான் இருந்தான்.

"சீக்கிரம் முடி, சேந்தா" என்றான் மாறவேள். சாய்ந்து உட்கார்ந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பார்வை ஜன்னலில் இருந்தது. "கீழே வேலை இருக்கிறது."

அரசன் வழக்கம்போலத் தன் தளபதிப் பொம்மையைப் படைக்கு முன்னால் தனியாக ஓட்டினான். அந்தப் பொம்மையை யாரும் ஒருநாளும் தொட்டதில்லை. சேந்தன் நாணல் காட்டுக்குள்ளிருந்து வில்லாளிகளை வெளியே எடுத்தான். சோழியை இடது கையில் அள்ளினான்.

சுவரோரம் நின்ற அவையோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போட்டான். சோழிகள் உருண்டன. ஒன்று பலகையின் விளிம்பில் தள்ளாடிச் சுழன்றது. வாய் நிமிர்ந்து நின்றது.

அம்பு பட்டது அரசனின் தளபதிமேல்.

சேந்தன் தளபதியை எடுத்தான். எழுந்து, பலகையைச் சுற்றிப் போய், அரசன் முன் குனிந்தான். "அரசே, கையைக் கொடுங்கள். முறைமை."

மாறவேளின் கால் ஆடுவதை நிறுத்தியது. கை தானாக நீண்டது. அந்த உள்ளங்கையில் மண் தளபதியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான் சேந்தன்.

அரசன் பொம்மையைப் பார்த்தான். சேந்தனைப் பார்த்தான். கழுத்து நரம்பு ஒன்று புடைத்துத் துடித்தது. அவையோரில் ஒருவர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார். அரசன் எழுந்தான். காற்று வாங்கலாம் வா என்று சொல்லத்தான் வாய் திறக்கிறான் என்று சேந்தன் நினைத்தான்.

"அந்தக் காட்டுக்குள் இன்னும் எத்தனை பேரை ஒளித்துவைத்திருக்கிறாய்?"

"சொல்லமாட்டேன், அரசே."

மாறவேள் இருக்கையைப் பலகையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். தளபதியை இன்னும் இடது கைக்குள் இறுக்கி வைத்திருந்தான். மணலுக்கு ஒரு சாண் மேலே முகத்தைத் தாழ்த்தி, நாணல் தண்டுகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தான். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. யானையைத் தொட்டான். கையை எடுத்தான். மறுபடி தொட்டான்.

வாசலில் படைத்தலைவன் வந்து வணங்கினான். "அரசே, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். முரசு அறையலாமா?"

அரசன் திரும்பிப் பார்க்காமல் ஈர்க்குக் குச்சியை ஆற்றின் குறுக்கே வைத்து அளந்தான். ஒரு விரல்கடை குறைந்தது. எதிரே சேந்தன் இடது கைக்குள் சோழிகளைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரசே, வெயில் ஏறுகிறது. ஒரு வார்த்தை உத்தரவு கொடுங்கள்."