பாங் முதலாளியின் பரம்பரைச் சொத்து

தியான்ஜின் நகரத்துப் பழம்பொருள் சந்தை விடிவதற்குள் கலைந்துவிடும். டார்ச் வெளிச்சத்தில்தான் வியாபாரம். பொருள் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது பாங் முதலாளிக்கு வசதி. பிடித்ததையெல்லாம் "என் வீட்டில் திருடுபோனது" என்று தூக்கிக்கொள்வார். மறுத்தால் அடியாட்கள் கடையை நொறுக்குவார்கள்.

அன்று சியூலான் என்ற பெண் தரையில் விரித்திருந்த கடையில் மூக்கு வைத்த ஒரு ஜாடியை பாங் எடுத்தார்.

"எங்க பரம்பரைச் சொத்து. தாத்தா மது குடிச்ச ஜாடி."

அடியாட்கள் நெருங்கினார்கள். சியூலான் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"நீங்களும் இதுல குடிச்சீங்களா, முதலாளி?"

"தினமும்."

சுற்றியிருந்த வியாபாரிகளின் டார்ச்சுகள் அவர் முகத்துக்குத் திரும்பின.

"அப்ப எடுத்துட்டுப் போங்க. படுக்கையில கிடந்த என் மாமனார் ராத்திரி ஒண்ணுக்குப் போன ஜாடி. சந்தேகமா இருந்தா மோந்து பாருங்க."

ஜாடி மெல்லக் கீழே இறங்கியது.

இப்போதெல்லாம் அவர் எதைத் தொட்டாலும் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: "முதலாளி, இதுலயும் குடிச்சீங்களா?"