வழியில் வந்த ஆமை

கலகல, கலகல, கலகல.

காய்ந்த புளியங்கொட்டைகளை மண்கலயத்தில் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம். முள்ளம்பன்றிக் குட்டி ஊசி பிறந்து முதன்முதலில் கேட்டது அதைத்தான். வெகுகாலம் கழித்தும் அவன் மறக்காததும் அதைத்தான். அவனுடைய அம்மா வேலாயி, வால் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வளை வாசலில் உட்காரும் சத்தம் அது. அது கேட்டால் கதை தொடங்கப் போகிறது என்று பொருள்.

முள்ளம்பன்றிகள் இரவெல்லாம் கிழங்கு தோண்டும். விடிந்தால் தூங்கும். ஆகவே அவர்கள் வீட்டில் தூங்குகிற நேரத்துக் கதை, கோழி கூவும் நேரத்துக் கதை.

வளை ஓடைக்கரையில் இருந்தது. வாசலில் பாய் விரித்ததுபோல் மெல்லிய மணல். இரவில் தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் அதில் கால் பதித்துவிட்டுத்தான் போவார்கள். அந்த மணல்தான் வேலாயியின் புத்தகம். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒவ்வொரு தடமாகப் பார்த்து அவள் வாய்விட்டுப் படிப்பாள். வெயில் ஏறிக் காற்று எழுந்தால் அந்தப் பக்கம் அழிந்துவிடும். மறுநாள் விடியலில் புதிய பக்கம் காத்திருக்கும்.

"ஒரு முயல் வந்தது," என்று படிப்பாள் வேலாயி. "தண்ணீர் குடித்தது. திரும்பிப் போயிற்று. அப்போது அந்த வழியாக ஒரு ஆமை வந்தது. 'என்ன விசேஷம்?' என்று கேட்டது. 'ஒன்றுமில்லை' என்றது மணல். சரியென்று ஆமையும் போயிற்று."

"இன்னொரு தடவை!" என்பான் ஊசி.

வேலாயி இன்னொரு தடவை படிப்பாள். அவன் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கேட்பான். அப்போது அவனுடைய முட்கள் புல்லைவிட மெல்லியவை.

முட்கள் அப்படியே இருப்பதில்லை. ஒருநாள் வேலாயி துள்ளி எழுந்தாள்.

"ஆ! குத்துதுடா!"

"நீயும்தான் குத்துறே!"

அன்று முதல் வாசலின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். இடைவெளி கூடியபோது அதற்கேற்பக் குரலை உயர்த்திக்கொண்டாள்.

கதைகளும் வளர்ந்தன. முயல் வந்து போனது ஊசிக்குப் போதவில்லை.

"இந்த இடத்துல முயல் ஏன் தயங்குச்சு?"

"யாராவது கூப்பிட்டிருப்பாங்க."

"யாரு?"

வேலாயி யோசிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச காலத்தில் அவன் திருத்தவும் தொடங்கினான்.

"அம்மா, அது மான் இல்ல. காட்டுப்பன்றி. குளம்பு மழுங்கியிருக்கு பாரு."

"அட, ஆமாடா!" என்று வேலாயி பூரித்துப் போனாள்.

ஆனால் யார் வந்த கதையானாலும், கடைசியில் அந்த வழியாக ஒரு ஆமை வந்தே தீரும்.

எதிரே இருந்த கறையான் புற்றில் பரட்டை என்ற கீரிப்பிள்ளை குடியிருந்தான். ஊசியின் வயதுக்காரன். கீரிகள் பகலில் திரிகிறவை. ஊசி தூங்கப் போகும் நேரத்தில் பரட்டை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வருவான்.

"டேய் ஊசி!" என்று ஒருநாள் காலையில் கத்தினான். "உடம்பெல்லாம் ஈட்டி ஈட்டியா வளர்ந்து நிக்குது. இன்னமும் அம்மா கதை படிச்சாத்தான் தூக்கம் வருமா? தாலாட்டும் உண்டா? தொட்டில் எங்கே கட்டியிருக்கீங்க?"

ஊசிக்கு முள் நுனிவரை கூசியது.

மறுநாள் விடியலில் வேலாயி வழக்கம்போல் வாசலில் உட்கார்ந்தாள். கலகல. "முயல் புற்றுப் பக்கம் திரும்பியது. திடீரென்று நின்றது. பின்கால் மட்டும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. எழுந்து நின்றிருக்கிறது! எதையோ பார்த்திருக்கிறது! அப்போது அந்த வழியாக ஒரு ஆமை..."

"ஆமையே கிடையாது!" என்று ஊசி கத்தினான்.

வேலாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கே தடம்? காட்டு பார்ப்போம்! நேத்தும் இல்ல, முந்தாநாளும் இல்ல. நான் பிறந்ததிலேருந்து இந்த மணல்ல ஒரு ஆமைகூட நடந்ததில்ல. பொய் சொல்றே!"

"பொய் இல்லடா. கதை."

"எனக்கு இனிமே கதை வேண்டாம். எனக்கே படிக்கத் தெரியும்!"

ஊசி திரும்பிப் பார்க்காமல் வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். வேலாயி வெகுநேரம் மணலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் வந்தது. காற்று வந்தது. முயல் எதைப் பார்த்தது என்பது படிக்கப்படாமலேயே அழிந்து போயிற்று.

அன்று மாலை அவள் அவனுக்கு முன்பே புறப்பட்டுப் போய்விட்டாள்.

ஊசி தனியாகப் போய்க் கிழங்கு தின்றான். விடியலில் வாயெல்லாம் மண்ணோடு திரும்பினான். 'அப்பாடா, கதை இல்லை!' என்று படுத்தான். தூக்கம் வரவில்லை. இந்தப் பக்கம் புரண்டான். அந்தப் பக்கம் புரண்டான். வாசலில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தான். அம்மாவின் இடம் காலியாக இருந்தது.

கிழக்கு வெளுத்துவிட்டது. விடிந்த பிறகு வேலாயி ஒருநாளும் வெளியே தங்கியதில்லை.

புற்றிலிருந்து பரட்டை தலையை நீட்டினான்.

"டேய், அத்தை எங்கே?"

"உனக்கு எதுக்கு?"

"சும்மாத்தான்." பரட்டை காதைச் சொறிந்தான். "அந்த முயல் எதைப் பார்த்துச்சுன்னு..."

"எந்த முயல்?"

"நேத்து எழுந்து நின்னுச்சே, அந்த முயல்டா! பாதியில நிறுத்திட்டீங்களே, இதெல்லாம் நியாயமா?"

ஊசி அவனை முறைத்தான். "நீ ஒட்டுக் கேட்கிறியா?"

"ஒட்டெல்லாம் கேட்கல. காதுல விழுது."

"தினமுமா?"

"என் காது திறந்தேதான் இருக்கு. அதுக்கு நான் என்ன செய்ய?"

வேறொரு நாளாக இருந்தால் ஊசி விழுந்து விழுந்து சிரித்திருப்பான். "அம்மா இன்னும் வரலடா," என்றான்.

பரட்டையின் மயிர் சிலிர்த்தது. "ஐயோ! வெயில் ஏறினா செந்நாய்க் கூட்டம் வந்துடுமே!"

செந்நாய்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டால் முள்ளெல்லாம் ஒன்றுக்கும் உதவாது. அது காட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஊசி மணலில் குனிந்தான். அம்மாவின் பாதத் தடம் இருந்தது. அதன் பின்னால் வால் முட்கள் இழுபட்ட கோடுகளும் இருந்தன. வாய்திறக்காமல் படித்துப் பார்த்தான். ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாய்விட்டுப் படித்தான்.

"ஒரு அம்மா புறப்பட்டாள். மேற்கே திரும்பினாள்."

அவனுக்கே வியப்பாக இருந்தது. அந்த ஏற்ற இறக்கம் அப்படியே வேலாயியுடையது.

"அப்புறம்?" என்றான் பரட்டை.

"நடடா, சொல்றேன்."

மூங்கில் புதருக்குப் பக்கத்தில் தடம் கொஞ்சம் விலகியிருந்தது. "இங்கே கிழங்கு இருக்கு. மூக்கை நீட்டியிருக்கா. ஆனா தோண்டல."

"பசிக்கலையோ?"

"கிழங்கைப் பார்த்து அம்மாவுக்குப் பசிக்காம இருந்ததே இல்ல. எங்கேயோ போகணும்னு முடிவு பண்ணிட்டுப் போயிருக்கா."

தடம் மேட்டில் ஏறி இறங்கிக் குளத்துக்குப் போயிற்று. அவ்வளவு தூரம் ஊசி வந்ததே இல்லை. கரைச் சேற்றில் அம்மாவின் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம். இரண்டு ஓரமும் சீப்பால் கீறியதுபோல் இருந்தது. நடுவில் முறத்தைத் தேய்த்து இழுத்ததுபோல் வழவழவென்றிருந்தது.

"இது என்ன மிருகம்டா?" என்றான் பரட்டை.

ஊசி இதுவரை படித்தறியாத தடம். உற்றுப் பார்த்தான்.

"ஆமை," என்றான்.

"ஆமையா! நிஜமாவா!"

"நான் தடம் எங்கேன்னு கேட்டேன்ல? நம்ம மணல்ல நடக்கிறதுக்கு ஒரு ஆமையைக் கூட்டிக்கிட்டு வரப் போயிருக்கா."

அங்கிருந்து இரண்டு தடங்களும் வேறொரு பாதையில் வளைப் பக்கம் சேர்ந்தே வந்தன. அம்மாவின் காலடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கியிருந்தன. ஒரு அடி வைத்துக் காத்திருந்திருக்கிறாள். மறுபடி ஒரு அடி வைத்துக் காத்திருந்திருக்கிறாள். ஊசி அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. பரட்டையும் 'அப்புறம்' கேட்கவில்லை.

பாதையின் குறுக்கே ஒரு மருத மரம் விழுந்து கிடந்தது. அடியில் சிறிய இடுக்கு. ஆமையின் தடம் அதற்குள் போயிற்று. அம்மாவின் தடமும் பின்னாலேயே போயிற்று.

உள்ளேயிருந்து மெல்லியதாக ஒரு சத்தம். கலகல.

"அம்மா!"

"யாரது, ஊசியா? ராத்திரி சாப்பிட்டியா?"

"சாப்பாடு கிடக்கட்டும்! வெளியே வாம்மா!"

"வர முடியலடா. முன்னால இடம் இல்ல. பின்னால நகர்ந்தா முள்ளெல்லாம் விரிஞ்சு மரத்துல மாட்டிக்குது."

முள்ளம்பன்றிகளின் சங்கடம் அது. முன்னால் நுழைந்துவிடலாம், பின்வாங்க முடியாது.

இருவரும் மரத்தைத் தாண்டிக் குதித்தார்கள். மறுபக்கத்தில் ஒரு ஆமை உட்கார்ந்திருந்தது. கழுத்தை மெல்ல நீட்டி அவர்களைப் பார்த்தது.

"என்ன விசேஷம்?" என்று கேட்டது.

"டேய்!" பரட்டை வாயைப் பிளந்தான். "அதே மாதிரியே கேட்குதுடா!"

"ஆமையண்ணே, யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றான் ஊசி.

"கூப்பிடத்தான் தம்பி புறப்பட்டேன்," என்றது ஆமை. "இதோ, இவ்வளவு தூரம் வந்திருக்கேன்." அது மரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது.

மேட்டுக்கு அப்பால் சீட்டி அடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. செந்நாய்கள்!

ஊசி இடுக்கின் முன்னால் மண்ணைத் தோண்டினான். பரட்டை மேட்டைத் திரும்பிப் பார்த்தான். ஓடிப்போகலாமா என்று அவனுடைய கால்கள் கேட்டன.

"அத்தை!" என்று குனிந்து கத்தினான். "அந்த முயல் எதைப் பார்த்துச்சு?"

"முதல்ல என்னை வெளியே எடு, சொல்றேன்!"

அவ்வளவுதான். பரட்டை நாலு காலாலும் மண்ணை வாரி இறைத்தான். ஊசியின் கண்ணெல்லாம் மண்.

"பின்னால போகாதேம்மா! முன்னால வா! இன்னும் கொஞ்சம்!"

முதலில் மூக்கு வந்தது. அப்புறம் தலை. கடைசியில் வேலாயி முழுதாக வெளியே வந்து விழுந்தாள். மூக்கு சிராய்த்திருந்தது. முன்கால் பாதங்கள் புண்ணாகியிருந்தன. பாதி முட்கள் மரத்தடியிலேயே தங்கிவிட்டன.

"ஓடுங்க!" என்றான் பரட்டை.

"ஆமையண்ணே, நீங்க?"

"நீங்க முன்னால போங்க. நான் வந்துடறேன்." ஆமை தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கல்லாகிவிட்டது.

மூவரும் புதர் வழியாக வளைக்கு ஓடிவந்தார்கள். செந்நாய்கள் வந்தபோது மருத மரத்தடியில் உதிர்ந்த முட்களும் ஒரு கல்லும்தான் இருந்தன. கல்லைக் கடித்துப் பார்த்துப் பல் வலித்து, அவை போய்விட்டன.

வளை வாசலில் பரட்டை மூச்சு வாங்கினான். "இப்போ சொல்லுங்க அத்தை. முயல் எதைப் பார்த்துச்சு?"

"பார்க்கலடா. கேட்டுச்சு. புத்துக்குள்ளேருந்து வந்த உன் குறட்டையைக் கேட்டுப் பயந்து எழுந்து நின்னுச்சு."

"நான் குறட்டை விடமாட்டேன்!"

"தடம் பொய் சொல்லுமா?" என்றாள் வேலாயி.

மறுநாள் விடியலில் வேலாயியால் வாசல்வரை வர முடியவில்லை. பாதங்கள் வீங்கியிருந்தன. உள்ளே கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

கலகல, கலகல, கலகல.

அவள் கண்ணைத் திறந்தாள். வாசலில் ஊசி உட்கார்ந்திருந்தான்.

"ஒரு காட்டுப்பன்றி வந்தது," என்று படித்தான். "கூடவே குட்டிகளும் வந்தன. ஒரு குட்டி தண்ணீரில் விழுந்தது. அம்மாப் பன்றி திட்டியது. எல்லோரும் திரும்பிப் போனார்கள்."

"அப்புறம்?" என்றது வளைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அவ்வளவுதான்."

"அப்புறம்?" என்றது புற்றிலிருந்து இன்னொரு குரல்.

ஊசி மணலை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"அப்போது அந்த வழியாக ஒரு ஆமை வந்தது."

"தடம் எங்கேடா?" என்றாள் வேலாயி. அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

"வந்துக்கிட்டே இருக்கும்மா. நீ தூங்கு."

பிள்ளைகள் வளர வளர, மடியில் உட்கார்ந்து கேட்பது நின்றுபோகலாம், படிக்கிற குரலும் மாறிப்போகலாம். படிப்பதை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

ஆமை அடுத்த மழைக்காலத்தில் வந்து சேர்ந்தது.