வாலில் தொங்கிய புள்ளி

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் தேனப்பன் என்ற கரடி பழக்கடை வைத்திருந்தது. மலை உச்சியில் டவர் வந்தது. ஆளுக்கொரு போனும் வந்தது. அன்றோடு தேனப்பனின் வியாபாரமே மாறிப்போனது. முன்பெல்லாம் பழம் வேண்டுமென்றால் கடைக்கு நடந்து வர வேண்டும். இப்போது போனில் ஒரு தட்டுத் தட்டினால் பழம் வீடு தேடி வந்தது.

கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று சிட்டப்பன் என்ற குரங்கு. இன்னொன்று மந்தாரை என்ற எருமை. பூவின் பெயரை ஆசை ஆசையாக வைத்திருந்தார்கள். காடோ அதைச் சுருக்கி "மந்தம்" என்றே கூப்பிட்டது.

"மந்தாரை, மாம்பழம் எப்ப வரும்?" என்று கேட்டால், அது வழியை மனத்துக்குள் அளந்து பார்க்கும். "மத்தியானம் ஆயிடுங்க" என்று சொல்லும். மத்தியானம் சரியாக வாசலில் நிற்கும்.

சிட்டப்பனைக் கேட்டால், "இதோ வந்துட்டேன்! உங்க மரத்துக்குப் பக்கத்துலதான் இருக்கேன்!" என்று சொல்லும். சொல்லும்போது கிளையில் மல்லாந்து படுத்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருக்கும்!

காதுக்கு எது இனிக்கும், சொல்லுங்கள்? எல்லோரும் சிட்டப்பனையே அனுப்பச் சொன்னார்கள்.

அது கடும் கோடை. புல்லெல்லாம் கருகிவிட்டது. வேலை செய்த நாளில் தேனப்பன் கொடுக்கும் புண்ணாக்குதான் மந்தாரைக்குச் சாப்பாடு. ஒரு நாள் தேனப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னது:

"தப்பா நினைக்காதே மந்தாரை. உன்னை யாரும் கேட்க மாட்டேங்கிறாங்க. இந்த வாரமும் இப்படியே போனா, நீ வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்."

மந்தாரை குளத்தைத் திரும்பிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து முங்கிக் கிடந்த குளம் அது. அதை விட்டு எங்கே போவது?

மறுநாள் மலைமேலிருந்து ஓர் அழுகைக் குரல் கடைக்கு வந்தது. பேசியது பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் இருவாச்சித் தாய் மரப்பொந்துக்குள் இருந்துகொண்டு வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் இடுக்கு மட்டுமே திறந்திருக்கும். அப்பாப் பறவைதான் இரை தேடி வந்து ஊட்டும். பாவம், அதற்கு இறக்கையில் அடிபட்டிருந்தது. கிளைக்குக் கிளை தத்த முடிந்ததே தவிர, பறக்க முடியவில்லை.

"தேனப்பண்ணே! நேத்துக் காலையில அத்திப்பழம் கேட்டேன். நாலு தடவை போன் போட்டேன். நாலு தடவையும் 'மரத்தடியிலதான் இருக்கேன்'னு சொன்னான் சிட்டப்பன். பொழுது சாயத்தான் வந்தான்! நான் வெளியில வந்து பார்க்க முடியுமா? பிள்ளைங்க அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு!"

தேனப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. உடனே போனில் புது ஏற்பாடு ஒன்று செய்தது. பழம் கொண்டுபோகிறவர் எந்த இடத்தில் வருகிறார் என்பதை ஒரு புள்ளி காட்டிக்கொண்டே இருக்கும். புள்ளி எங்கேயோ, ஆள் அங்கே!

மந்தாரை நடுங்கிப் போனது. "ஏற்கெனவே மந்தம்னு சிரிக்கிறாங்க. இனிமே நான் வைக்கிற ஒவ்வொரு அடியும் ஊருக்கே தெரியுமா? என் மானமே போச்சு!"

"நல்லா மாட்டினே!" என்று சிட்டப்பன் சிரித்தது. ஆனால் இனி தன் பொய்யும் வெளியே தெரிந்துவிடுமே என்று அதுவும் யோசித்தது.

அடுத்த நாள் பொன்னலகிக்கு ஒரு கூடை அத்திப்பழம் போக வேண்டியிருந்தது. வேகம் வேண்டுமே என்று தேனப்பன் அதைச் சிட்டப்பனிடமே கொடுத்தது. அதே மலைப்பாதையில், மூங்கில் புதரில் இருக்கும் மானுக்கு வெள்ளரிக்காய் கொண்டுபோகும் வேலை மந்தாரைக்குக் கிடைத்தது. அந்த வாரத்தில் அதற்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

சிட்டப்பன் யோசித்தது. தன் போனை ஒரு கொடியில் கட்டி, மந்தாரைக்குத் தெரியாமல் அதன் வாலில் தொங்கவிட்டது! 'இவ மலையேறி முடிக்கிறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுட்டுத் தாவிப் போயிடலாம்' என்று கடைக்கு மேலே இருந்த கிளையில் சாய்ந்தது. தூங்குவதற்கு முன் ஒரே ஒரு பழம் தின்றது. அப்புறம் இன்னொன்று. கூடை காலியானது.

மந்தாரை ஓடையைத் தாண்டி, மானிடம் வெள்ளரிக்காயைக் கொடுத்துவிட்டு நின்றது. வாலில் ஏதோ ரீங்காரம் கேட்டது. ஈ என்று நினைத்து வாலைச் சுழற்றி அடித்தது. ரீங்காரம் நிற்கவில்லை. ஓங்கி ஒரு வீசு வீசியதும் போன் தெறித்துக் கீழே விழுந்தது. மந்தாரை மூக்கால் அதை அமுக்கியது.

"சிட்டப்பா! ஏன் ஒரே இடத்துல நிக்கிறே?" என்றது பொன்னலகியின் குரல்.

"அம்மா, நான் மந்தாரை பேசறேன். இந்தப் போன் என் வால்ல எப்படி வந்ததுன்னே தெரியலை!"

"அப்ப என் பழம்?"

"என்கிட்ட இல்லீங்களே."

பொந்துக்குள்ளிருந்து குஞ்சுகளின் கீச்சுக் குரல் கேட்டது. மந்தாரைக்கு மனம் தாங்கவில்லை.

"அம்மா, நானே கொண்டு வர்றேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன். நான் கீழே போயி எடுத்துக்கிட்டு வர சாயங்காலம் நாலு மணி ஆயிடும்."

பொன்னலகி கேட்டது: "நாலு மணின்னா நாலு மணிதானே?"

"ஆமாங்க."

"வா தாயி. நான் உன் புள்ளியைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

கீழே தேனப்பன் போனைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தது. சிட்டப்பனின் புள்ளி மலையில் இருக்கிறது. சிட்டப்பனின் குறட்டையோ தலைக்கு மேல் கேட்கிறது! அண்ணாந்து பார்த்தால் வாயெல்லாம் அத்திப்பழச் சாறு. தேனப்பன் கிளையைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் சிட்டப்பன் தொப்பென்று குளத்தில் விழுந்தது.

மந்தாரை வந்து சேர்ந்தது. புதுக்கூடையைச் சுமந்துகொண்டு மறுபடியும் மலையேறியது. வெயில் முதுகைப் பிளந்தது. கால் வலித்தது. நிற்கவில்லை.

பொந்துக்குள் பொன்னலகி குஞ்சுகளுக்குப் போனைக் காட்டியது. "பாருங்க, ஓடையைத் தாண்டிட்டா! இப்ப மூங்கில் புதர்! இன்னும் ஒரே ஒரு வளைவு!" புள்ளி நகர நகர அழுகை குறைந்தது. கடைசியில் இரண்டு குஞ்சுகளும் "வர்றா, வர்றா!" என்று கத்த ஆரம்பித்தன.

நாலு மணிக்கு மரத்தடியில் குளம்புச் சத்தம் கேட்டது. அப்பாப் பறவை தத்தித் தத்தி இறங்கிப் பழத்தை எடுத்து, இடுக்கு வழியாக ஊட்டியது. உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மந்தாரைக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்!

அன்றைக்கே பொன்னலகி காடு முழுவதற்கும் குரல் செய்தி அனுப்பியது: "மந்தாரை மெதுவாத்தான் வருவா. ஆனா சொன்ன நேரத்துக்கு வருவா. புள்ளியையும் பார்த்துட்டேன், ஆளையும் பார்த்துட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்!"

மறுநாள் விடிந்ததும் மந்தாரையைக் கேட்டு ஏழு பேர் போனில் தட்டியிருந்தார்கள். தேனப்பன் புண்ணாக்கை அள்ளி வைத்தது. வேலை முடிந்து மந்தாரை தன் குளத்தில் நிம்மதியாக முங்கியது. அதன் புள்ளி குளத்து நடுவில் அசையாமல் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

சிட்டப்பனுக்குப் பக்கத்து மரங்களுக்கு மட்டும் வேலை கிடைத்தது. இப்போது யாராவது "எங்கே இருக்கே?" என்று கேட்டால், அது தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னும் கிளம்பலைங்க!" என்று உண்மையைச் சொல்கிறது.

புதிதாக வரும் கருவியைக் கண்டு பொய் சொல்பவர்தான் அஞ்ச வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவருக்கோ அது நல்ல சாட்சியாக நிற்கும்.