ஜீப் சொன்ன சாட்சி

சேர்மன் வெங்கிடபதிக்குத் தரையில் கால் வைத்துப் பழக்கமில்லை. மழை பெய்தாலும் ஜீப்பிலேயே தோட்டத்தைச் சுற்றுவார். சுற்றிச் சுற்றி, மூன்று ஏக்கர் செம்மண்ணும் தார் ரோடாக இறுகி, கடலை வேர்கூட இறங்க மறுத்தது.

உளிக்கலப்பை மாட்டிய டிராக்டரோடு குருவம்மா வந்தாள்.

"ரெண்டடி ஆழத்துக்கு மண்ணு இளகணும். ஆனா மேல ஒரு கட்டி புரளக்கூடாது," என்றார் சேர்மன்.

"ஆகட்டும் மொதலாளி."

இரும்பு உளி அடிமண்ணை மட்டும் பிளந்துகொண்டு போனது. மறுநாள் மழை கொட்டியது. மழை விட்டதும் ஊராரோடு வந்த சேர்மன், ரோட்டோரம் ஜீப்பில் உட்கார்ந்தபடியே மேலே வெறும் கோடுகளைப் பார்த்துக் கொதித்தார்.

"கோடு கிழிச்சா உழவா? இனி உன் டிராக்டர் இந்த ஊருக்குள்ள நுழையக்கூடாது!"

"சரி மொதலாளி. மண்ணு இளகலேன்னா ஜீப்பு எப்பவும்போல ஓடுமே. ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க."

சேர்மன் மீசையை முறுக்கிக்கொண்டு கிளப்பினார். பத்தடிதான். நாலு சக்கரமும் புதைந்து, ஜீப் எருமை மாதிரி படுத்துவிட்டது. ஊரார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன வேடிக்கை? டிராக்டரக் கொண்டாந்து இழு!"

"அதத்தான் ஊருக்குள்ள நுழையக்கூடாதுன்னுட்டீங்களே," என்று குருவம்மா ரோட்டில் நின்ற டிராக்டரில் ஏறிக் கிளம்பினாள்.

தடுக்கக் குதித்த சேர்மன், முதன்முதலாகத் தன் மண்ணில் கால் வைத்தார். முழங்கால்வரை இறங்கியது.